குருவிக்கு வைக்கும் தீனி எலிக்குப் போகாமல் இருக்க...

திண்ணை ஓரத்தில் தினமும் ஒரு கைப்பிடி சாமை போட்டால் ஒரு வாரத்துக்குள் சிட்டுக்குருவிகள் வந்து பழகிவிடும். அடுத்த மாதம் அதே திண்ணையின் மூலையில் எலி வளை தெரியும். அதற்கடுத்து எலியைத் தேடிக்கொண்டு பாம்பு வரும். தோட்டத்து வீடுகளில் பறவைக்குத் தீனி வைக்கத் தொடங்கியவர்கள் அதைப் பாதியில் விடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தர்மபுரி மாவட்டத்தில் இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. பென்னாகரம், நல்லம்பள்ளி, அரூர் பக்கமெல்லாம் வீடும் களமும் காடும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுக்கான ராகி மூட்டை, இந்தப் பக்கம் அடுத்த பட்டத்துக்கு எடுத்துவைத்த சாமை விதை. கோடையில் வாசலிலேயே கட்டில் போட்டுத் தூங்குகிறார்கள். அங்கே எலி பெருகினால் நஷ்டம் தானியத்தோடு நிற்காது. நாகமும் விரியனும் எலியைப் பின்தொடர்ந்துதான் வீட்டுக்கு வருகின்றன.

அதற்காகக் குருவியை விரட்ட வேண்டியதில்லை. தீனி வைக்கும் முறையை மாற்றினால் போதும்.

தானியம் தின்னும் குருவியால் என்ன லாபம்?

வளர்ந்த சிட்டுக்குருவி தானியம் தின்னும். ஆனால், குஞ்சுக்கு அது தானியம் ஊட்டுவதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு கூட்டில் இருப்பது ஏறத்தாழ 15 நாள்கள். அந்த நாள்களில், அதிலும் முதல் வாரத்தில், தாயும் தந்தையும் மாறி மாறிக் கொண்டுவருவது பெரும்பாலும் புழு, பூச்சிதான். வீட்டுக் கூரையில் நான்கு ஜோடி கூடு கட்டினால், பக்கத்துக் கத்தரியிலும் அவரையிலும் அத்தனை ஜோடியும் நாள் முழுக்கப் புழு பொறுக்கும்.

இதை மறந்து கையைச் சுட்டுக்கொண்ட நாடு சீனா. 1958-ல் அங்கே எலி, ஈ, கொசு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியையும் சேர்த்து 'நான்கு கேடுகள்' என்று அறிவித்து ஒழிக்கத் தொடங்கினார்கள். குருவி தானியத்தைத் தின்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு. குருவி அழிந்ததும் வயல்களில் பூச்சி பெருகியது. 1960-ல் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

இலங்கையின் சிங்கள விவசாயிகளிடம் 'குருளு பாளுவ' என்றொரு பழக்கம் உண்டு. நெல் வயலில் ஒரு பகுதியை அறுக்காமல் பறவைகளுக்கென்றே விட்டுவிடுவார்கள். அந்தக் கதிருக்காக வரும் பறவை வயலின் பூச்சியையும் சேர்த்துப் பிடிக்கும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. நம் பக்கத்து வீடுகளில் தாழ்வாரத்தில் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டதும் இதே வழிதான்.

முதல் விதி: இரவில் ஒரு மணிகூட மிஞ்சக் கூடாது

பறவை பகலில் தின்னும். எலி இரவில் தின்னும். சாயங்காலம் தட்டு காலியாக இருந்தால் எலிக்கு அங்கே வேலை இல்லை. கடையில் வாங்கும் எந்தப் பெட்டியும் இந்த ஒரு பழக்கத்துக்கு ஈடாகாது. எலிக்குக் கர்ப்பக் காலம் ஏறத்தாழ 3 வாரம்தான். தினமும் சிந்தும் தானியம் தொடர்ந்து கிடைத்தால் ஒரு ஜோடி குடும்பமாகப் பெருக அதிக நாள் ஆகாது.

அதனால், காலையில் வைப்பது மத்தியானத்துக்குள் தீரும் அளவாக இருக்க வேண்டும். ஒரு கைப்பிடியில் தொடங்கலாம். மிஞ்சினால் மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும். பொழுது சாய்வதற்கு முன் தட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, கீழே சிந்தியதைக் கூட்டி எடுத்துவிட வேண்டும்.

வேளை தவறாமல் வைத்தால் பறவை அந்த நேரத்துக்குப் பழகிக்கொள்ளும். சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுது பார்த்துவந்த ஜோசப் சேகர், மொட்டைமாடியில் பலகைகளை அடுக்கி அவற்றின்மேல் அரிசி வைத்துவந்தார். ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் நேரம் பார்த்து வந்து தின்றுவிட்டுப் போவதை ஊரே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது. நகரத்து மாடியில் அது அழகு. கம்பும் சோளமும் விளையும் காட்டில் அத்தனை கிளிகளைக் கூட்டினால் பக்கத்துக் காட்டுக்காரர் சண்டைக்கு வருவார். தோட்டத்து வீட்டுக்குத் தேவை சின்னப் பறவைகளுக்கான சின்ன ஏற்பாடு.

கதிர்க்கொத்து: செலவில்லாத தீனிக்கூடு

நம் மாவட்டத்துக்குப் பொருத்தமான தீனிக்கூடு அறுவடைக் களத்திலேயே கிடைக்கிறது. நன்றாகக் காய்ந்த தினை, சாமை அல்லது கம்புக் கதிர்களை ஒரு கைப்பிடி அளவுக்குச் சேர்த்து, தாள் பக்கம் இறுக்கிக் கட்டி, கதிர் கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கவிட வேண்டும்.

சிட்டுக்குருவியும் தினைக்குருவியும் கதிரைப் பற்றிக்கொண்டு தொங்கியபடியே கொத்தும். காகத்துக்கும் புறாவுக்கும் அது எளிதில் வராது. உட்கார இடம் இல்லாததால் சீக்கிரமே சலித்துப் போய்விடும். மணி கதிரிலேயே ஒட்டியிருப்பதால் தட்டில் கொட்டிய தானியம்போல் சிந்தாது. ஆனாலும் இரவில் கழற்றி வைக்கும் விதி இதற்கும் உண்டு. கொக்கி போட்டு மாட்டினால் கழற்றுவது சுலபம்.

தொங்கவிடும் முறை

கதிர்க்கொத்தோ தட்டோ, எதுவானாலும் கயிற்றில் கட்டக் கூடாது. எலியும் அணிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடும். மெல்லிய கட்டுக்கம்பியே நல்லது. அந்தக் கம்பியின் நடுவில், பழைய எண்ணெய் டின்னை வெட்டிக் குடைபோல் வளைத்த தகரத்தை, வாய் கீழ்நோக்கி இருக்குமாறு கோத்துவிட வேண்டும். ஒன்றரை அடி அகலம் இருக்கட்டும். மேலிருந்து இறங்கும் எலி அந்தச் சரிவில் வழுக்கிவிடும். மழை பெய்தால் தீனி நனையாது என்பது கூடுதல் லாபம். தகர விளிம்பை மடித்து அடித்துவிடுவது அவசியம். இல்லையென்றால் பறவைக்கும் ஆளுக்கும் வெட்டு விழும்.

கம்பம் நட்டு அதன்மேல் தட்டு வைப்பவர்கள், தென்னையில் எலி ஏறாமல் இருக்கத் தகரம் அடிப்பதுபோல், கம்பத்தைச் சுற்றித் தகரம் அடிக்கலாம். தட்டு தரையிலிருந்து 5 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சுவர், கிளை, கொடிக்கயிறு எதுவும் 8 அடிக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் அணில் கீழிருந்து ஏறாது, பக்கத்திலிருந்து தாவும்.

எறும்புக்குப் பழைய சமையலறை உபாயமே போதும். சோற்றுப் பாத்திரத்தைத் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவில் வைப்பதுபோல, கம்பியின் மேற்பகுதியில் தண்ணீர் நிறைந்த ஒரு சின்னக் கிண்ணம் இருந்தால் எறும்பு அதைத் தாண்டாது. கிரீஸ், எண்ணெய் தடவுவது தவறு. இறகில் ஒட்டினால் பறவையால் பறக்க முடியாமல் போகும். எறும்புப் பொடி அதைவிட மோசம்.

'அணில் புகாத' பெட்டி வாங்கலாமா?

ஆன்லைனில் 'அணில் புகாதது' என்ற விளம்பரத்தோடு தீனிப்பெட்டிகள் விற்கின்றன. வாங்கும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். இவற்றின் வடிவம் பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டனில் இருக்கும் சாம்பல் அணிலை மனதில் வைத்து வந்தது. அது ஏறத்தாழ அரைக் கிலோ எடை இருக்கும். நம் முதுகில் கோடு போட்ட அணில் 100 கிராம் அளவுதான். எடை விழுந்தால் மூடிக்கொள்ளும் பெட்டி நம் அணிலின் எடைக்கு மூடாமல் போகலாம். பெரிய அணிலைத் தடுக்கும் கம்பிவலையின் கண்ணுக்குள் நம் அணில் சுலபமாக நுழைந்துவிடலாம்.

காகம், புறா, கோழி இவற்றைத் தடுக்கக் கம்பிவலைக் கூண்டு உதவும். ஒன்றரை அங்குலக் கண்ணுள்ள வலைக்குள் சிட்டுக்குருவி போகும், காகம் போகாது. அணிலுக்கு மேலே சொன்ன தகரமும் தூரமும்தான் வழி. தப்பித்தவறி ஓர் அணில் ஏறிவிட்டாலும், வைத்தது ஒரு கைப்பிடிதான் என்றால் நஷ்டம் பெரிதில்லை.

தண்ணீர் பாட்டிலில் ஓட்டை போட்டுக் கரண்டி செருகும் முறையைப் பள்ளிப் பிள்ளைகள் செய்கிறார்கள். செய்யலாம். ஆனால், பாட்டிலின் அடியில் ஈரம் தங்கினால் தானியம் பூசணம் பிடிக்கும். அடியில் நான்கு சின்னத் துளைகள் போட்டு, பாதிக்கு மேல் நிரப்பாமல், வாரம் ஒருமுறை கழுவிக் காயவைக்க வேண்டும்.

நல்ல மனதோடு வைக்கும் விஷம்

விதைநேர்த்தி செய்து மிஞ்சிய விதையைக் குருவிக்குப் போடுவது பெரிய ஆபத்து. பூஞ்சாணக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ கலந்த விதை, கழுவினாலும் தீனிக்கு ஆகாது. பூசணம் பிடித்த நிலக்கடலையும் மக்காச்சோளமும் அப்படித்தான். அவற்றில் அஃப்ளாடாக்சின் நஞ்சு இருக்கலாம். உப்பு போட்ட மிக்சர், ஊசிப்போன சோறு ஆகியவையும் வேண்டாம்.

எலிக்கு மருந்து வைக்கும் வீட்டில் வாசலில் குருவித் தீனியும் இருக்கக் கூடாது. சிங்க் பாஸ்பைடு கலந்த அரிசிக்கும் வெறும் அரிசிக்கும் பறவைக்கு வித்தியாசம் தெரியாது. எலி பெருகிவிட்டது என்றால் முதலில் தீனியை நிறுத்தி, கிட்டி வைத்து எலியைப் பிடித்து, வளையை அடைத்த பிறகே மீண்டும் தொடங்க வேண்டும்.

தட்டின் சுத்தமும் முக்கியம். பல பறவைகள் ஒரே தட்டில் தின்று எச்சமிடும்போது நோய் பரவும். பிரிட்டனில் 2005-க்குப் பிறகு டிரைக்கோமோனாஸ் என்ற நுண்ணுயிர் நோய் தீனித் தட்டுகள் வழியாகவும் பரவி, ஒரு காலத்தில் தோட்டம்தோறும் இருந்த பச்சைக் குருவியினத்தை வெகுவாகக் குறைத்துவிட்டது. வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைப்பது இங்கேயும் கட்டாயம். தண்ணீர் வைக்கும் மண்சட்டி இரண்டு அங்குல ஆழத்துக்குள் இருக்கட்டும். நடுவில் ஒரு கல் போட்டால் சின்னப் பறவை நின்று குடிக்கும். கொசு முட்டையிட்டுப் பெருகாமல் இருக்கத் தினமும் தண்ணீரைக் கொட்டி மாற்ற வேண்டும்.

எங்கே வைக்கக் கூடாது?

பட்டுப்புழு வளர்ப்பு மனைக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. எலி, அணில், பறவை மூன்றுமே புழுவைத் தின்பவை. நாட்டுக்கோழிக் கொட்டகை அருகிலும் வேண்டாம். காட்டுப் பறவையிடமிருந்து கோழிக்கும், கோழியிடமிருந்து பறவைக்கும் நோய் தொற்றலாம். குதிர், மூட்டை அடுக்கிய அறை, வைக்கோல் போர் ஆகியவற்றிலிருந்தும் தள்ளியே வைக்க வேண்டும். கம்பு, சோளம், ராகி பால் பிடிக்கும் பருவத்தில் காட்டோரத்தில் தீனி வைப்பதை நிறுத்திவிடலாம். அறுவடை முடிந்து, கோடையில் காடு வெறுமையாகக் கிடக்கும்போதுதான் பறவைக்கு நம் தீனியும் தண்ணீரும் அதிகம் தேவைப்படும்.

தட்டுக்கு வராத நண்பர்கள்

பூச்சியைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்களான கரிச்சான், பஞ்சுருட்டான், பனங்காடை ஆகியவை தானியத் தட்டின் பக்கமே வராது. அவற்றுக்கு வேண்டியது உட்கார ஓர் இடம். துவரை, நிலக்கடலை, பருத்தி ஆகியவற்றில் காய்ப்புழு, புரோடீனியா புழுக்களைக் குறைக்க எக்டருக்கு 50, அதாவது ஏக்கருக்கு 20 பறவை தாங்கிகள் வைப்பது வழக்கமான பரிந்துரை. 'டி' வடிவில் இரண்டு குச்சிகளைக் கட்டி, பயிருக்கு மேல் ஓரடி உயரம் நிற்குமாறு நட்டால் போதும். கரிச்சான் அதில் உட்கார்ந்து நோட்டம் பார்த்து, பாய்ந்து பிடித்துக்கொண்டு திரும்பவும் அதே குச்சிக்கு வரும்.

நெல் வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டுவைப்பதும் இதற்குத்தான். பகலில் கரிச்சான் உட்காரும் அதே மட்டையில் இரவில் ஆந்தையும் கூகையும் உட்காரும். அவை தேடுவது எலியை. திண்ணையில் சிந்திய தானியம் எலியை அழைக்கிறது; வயலில் நட்ட மட்டை எலியைத் தின்பவரை அழைக்கிறது. எலிமருந்து தின்ற எலியைப் பிடித்தால் ஆந்தையும் சாகக்கூடும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எந்தப் பயிருக்கு எத்தனை தாங்கி, எந்தப் பருவத்தில் வைப்பது என்ற விவரங்களைப் பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு மாதச் சோதனை

வைத்திருக்கும் தீனிக்கூடு நல்லதா என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சாயங்காலம் கூட்டிப் பெருக்கிய பிறகு, தட்டுக்குக் கீழே தரையில் மெல்லிய சாம்பலைத் தூவிவிட வேண்டும். காலையில் எலியின் கால்தடமோ புழுக்கையோ தெரிந்தால் தானியம் எங்கேயோ மிஞ்சுகிறது, அல்லது கம்பி எங்கேயோ சுவரைத் தொடுகிறது. அளவைக் குறைத்து, இடத்தை மாற்றி, மறுபடியும் சாம்பல் தூவிப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் சாம்பல் கலையாமல் இருந்தால், அந்தத் தீனி குருவிக்கு மட்டுமே போகிறது என்று நிம்மதியாகத் தொடரலாம்.