ஏகாதசீ நிர்ணயமும் ஜ்யோதிஷத்தின் இரு கூறுகளும்

வேதாங்கங்கள் ஆறனுள் ஜ்யோதிஷத்தை வேதபுருஷனின் கண்ணாகப் பெரியோர் கூறுவர். இக்காலத்தார் அதனை வானவியல் என்றும் சோதிடம் என்றும் இரண்டாகப் பிரித்து, முன்னதை அறிவு என்றும் பின்னதை நம்பிக்கை என்றும் வழங்குகின்றனர். சாஸ்திரத்தின் பிரிவு வேறு. கணிதம் அல்லது ஸித்தாந்தம், ஹோரை, ஸம்ஹிதை என ஜ்யோதிஷம் மூன்று ஸ்கந்தங்களை உடையது. இவற்றுள் அங்கமாயிருக்கும் தன்மை முதன்மையாகக் கணிதத்துக்கே உரியது. லகதர் பெயரால் வழங்கும் வேதாங்க ஜ்யோதிஷத்தில் ஐந்தாண்டு யுகமும் அயனமும் திதியும் நக்ஷத்திரமும் உண்டு. பிறந்தவனின் ஜாதகபலம் இல்லை. யாகத்துக்குரிய காலத்தை அறிவதே அந்நூலின் நோக்கம்.

ஹோரை பின்னர் வளர்ந்தது. ஆறாம் நூற்றாண்டினரான வராஹமிஹிரர் மூன்று ஸ்கந்தங்களிலும் நூல் செய்தார். ஜாதகம் எழுதிய அவரே பஞ்சஸித்தாந்திகையில் ஐந்து ஸித்தாந்தங்களை ஒப்பிட்டு, ஸூர்யஸித்தாந்தம் தெளிவு மிக்கது என்றும், பைதாமஹமும் வாஸிஷ்டமும் உண்மைக்கு வெகுதூரம் விலகியவை என்றும் தீர்ப்பளித்தார். பிதாமஹரின் பெயர் தாங்கியதாயினும் கணிதம் பொருந்தாதபோது அதனை அவர் ஏற்கவில்லை. முன்பு ஆயில்யத்தின் நடுவில் நிகழ்ந்த அயனம் தம் காலத்தில் கடகத்தின் தொடக்கத்தில் நிகழ்வதையும் ப்ருஹத்ஸம்ஹிதையில் அவர் குறித்துள்ளார். வேறுபாடு தோன்றினால் நேரில் பார்த்துத் தெளிக என்பது அவர் கருத்து.

வைஷ்ணவர்களுக்கு இவ்விஷயம் வெறும் நூலாராய்ச்சி அன்று. ஏகாதசி உபவாஸத்துக்கு அருணோதயத்தில் தசமியின் தொடுகை இருத்தலாகாது. அருணோதயமாவது ஸூர்யோதயத்துக்கு முந்தைய 4 நாழிகை. முதல்நாள் உதயத்திலிருந்து 56 நாழிகைக்கு மேலும் தசமி நீடித்தால் மறுநாள் ஏகாதசி தோஷமுடையதாகி, உபவாஸம் த்வாதசிக்குச் செல்லும். ஒரு பஞ்சாங்கத்தில் தசமி 53 நாழிகையிலும் மற்றொன்றில் 58 நாழிகையிலும் முடிவதாக வைத்துக்கொண்டால், ஒரே வீதியில் ஒரு திருமாளிகை உபவஸிக்கும் நாளில் அடுத்த திருமாளிகையில் தளிகை நடக்கும்.

இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றுகிறது? சந்திரன் ஸூர்யனை விட்டு 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. இதன் சராசரி அளவு ஏறக்குறைய 59 நாழிகை. சந்திரனின் நடை சீரானதன்று. ஆகவே திதி நீளும், குறுகும். பழைய ஸித்தாந்தங்கள் சந்திரனுக்கு மந்தபலம் என்ற ஒரே பெரிய திருத்தத்தை, ஏறத்தாழ 5 பாகை அளவில் வைத்தன. வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திரவாக்கியங்களும், நம் நாட்டு வாக்கியப் பஞ்சாங்கமும் இந்நெறியின. இதன்படி திதி 65 நாழிகைக்கு மேல் வளராது, 54 நாழிகைக்குக் கீழ்த் தேயாது. இதையே ‘பாணவ்ருத்தி, ரஸக்ஷயம்’ என்பர். பாணம் ஐந்து, ரஸம் ஆறு. வானத்துச் சந்திரனோ ஏறக்குறைய 67 நாழிகை வரை வளரும் திதியையும் 50 நாழிகை வரை தேயும் திதியையும் காட்டுகிறது.

முன்னோர் கவனக்குறைவால் இது நேர்ந்தது என்று எண்ணுதல் தகாது. அவர்கள் தம் கணிதத்தைப் பெரும்பாலும் க்ரஹணங்களைக் கொண்டே சோதித்தனர். அமாவாஸ்யை, பௌர்ணமிகளில் சந்திரனின் இரண்டாவது அசைவு மந்தபலத்தோடு கலந்து அதனை 5 பாகையாகக் குறைத்துவிடுகிறது. எனவே அங்கே ஒரு திருத்தமே போதுமானது. அஷ்டமியை ஒட்டி அதே அசைவு மந்தபலத்தைக் கூட்டி ஏழரைப் பாகையாக்கும். அங்கே வாக்கியத்துக்கும் வானத்துக்கும் சில வேளை 12 நாழிகை அளவுகூட இடைவெளி உண்டாகலாம். ஏகாதசியிலும் இது பெரிதும் குறைவதில்லை. க்ரஹணம் சரியாக வருகிறது என்பதால் பஞ்சாங்கம் முழுவதும் சரி என்ற வாதம் இவ்விடத்தில் நில்லாது.

இவ்விரண்டாம் திருத்தத்தை 932-ஐத் தொடக்கமாகக் கொண்ட லகுமானஸத்திலேயே முஞ்ஜாலர் வைத்துவிட்டார். கேரளத்துப் பரமேச்வரர் 1431-இல் த்ருக்கணிதம் இயற்றியதும் கணிதம் கண்ணுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகவே. ஒடிஸாவின் கண்டபடாவில் 1835-இல் தோன்றிய ஸாமந்த சந்திரசேகரர் தொலைநோக்கியின்றி, மரத்தாலும் மூங்கிலாலும் தாமே செய்த கருவிகளைக் கொண்டு சந்திரனின் பிற அசைவுகளையும் அளந்தார். அவருடைய ஸித்தாந்ததர்ப்பணம் 1899-இல் அச்சேறியது. ஸ்ரீபுருஷோத்தம க்ஷேத்திரத்தில் ஜகந்நாதனின் உத்ஸவங்களுக்கு அவர் கணிதம் கொள்ளப்பட்டது.

‘திதி த்ருஷ்ட விஷயமன்று, அதனால் விளையும் புண்ணியம் சாஸ்திரத்தால் மட்டுமே அறியப்படுவது, ஆகவே சாஸ்திரம் தந்த கணிதத்தையே கொள்ள வேண்டும்’ என்பர் வாக்கியப் பக்ஷத்தார். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று இது. நெடுங்கால சிஷ்டாசாரமும் அவர்களுக்குத் துணை. ஆயினும் பிற ப்ரமாணங்கள் எட்டாததை அறிவிப்பதே சாஸ்திரத்தின் பயன் என்பது மீமாம்ஸகர் துணிபு. ஏகாதசியன்று உபவஸிக்க என்பதும் அதன் பலமும் ப்ரத்யக்ஷத்துக்கு எட்டாதவை. சந்திரன் எங்கே நிற்கிறான் என்பது எட்டும். திதியின் லக்ஷணம் 12 பாகை விலகலேயன்றி வாக்கியம் அன்று; வாக்கியம் அதனை அடையும் உபாயம் மட்டுமே.

இதே அளவுகோலைப் பலஜ்யோதிஷத்துக்கும் வைத்துப் பார்க்கலாம். விம்சோத்தரி தசையில் 13 பாகை 20 கலை கொண்ட ஒரு நக்ஷத்திரம் சுக்ரனுக்கு 20 ஆண்டுகளைத் தருகிறது. பிறப்புச் சந்திரன் 2 பாகை பிழைத்தால் தசையின் இருப்பு 3 ஆண்டுகள் மாறிவிடும். பலத்தை எவ்வளவு நம்புகிறானோ அவ்வளவுக்கு ஜோஸ்யன் கணிதத்துக்குக் கடன்பட்டவன். மறுபுறம் இக்கடன் திரும்புவதில்லை: சந்திரன் இன்ன இடத்தில் நிற்கிறான் என்று சரியாகக் கணித்ததனால் இன்ன பலன் வரும் என்பது நிறுவப்பட்டதாகாது. பலம் தன் ப்ரமாணத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். ப்ரபந்நனுக்கு அத்தேட்டம் இன்றியமையாததும் அன்று. எம்பெருமானின் திருநக்ஷத்திரமும் ஆழ்வார் ஆசார்யர்களின் திருநக்ஷத்திரங்களும் வ்ரத தினங்களும் என்று என்பதே அவனுக்கு வேண்டுவது. திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில் சுக்ரோதயமும் குருவின் அஸ்தமனமும் விடிவின் அடையாளங்களாகவே வருகின்றன. ஆண்டாள் அவற்றில் பலன் கேட்கவில்லை.

எந்தப் பஞ்சாங்கத்தை ஏற்பது என்பது அந்தந்தத் திருமாளிகையின் ஸம்ப்ரதாயத்தையும் ஆசார்ய நியமனத்தையும் சார்ந்தது. ஆனால் கையில் உள்ள பஞ்சாங்கம் எந்நெறியது என்பதை எவரும் தாமே காணலாம். ஓராண்டின் திதிகள் ஒவ்வொன்றும் தொடங்கி முடிவதற்கான நாழிகையை எண்ணிப் பார்க்க, 54-க்குக் குறைந்த திதி ஒன்றேனும் அகப்படவில்லையெனில் அது பாணவ்ருத்தி வழிப்பட்டது.