வாலட்டுக்குள் டோக்கன் இல்லை. அப்புறம் இருப்பை யாரிடம் கேட்பது?

ஒரு எத்தீரியம் முகவரி கையில் இருக்கிறது. அதில் எவ்வளவு ஈதர், எவ்வளவு யூஎஸ்டிசி என்று ஜாவாஸ்கிரிப்டில் பார்க்கணும். ஒரே கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் பதில் இரண்டு வேறு இடத்தில் இருக்குங்க.

ஈதர் இருப்பு அந்தக் கணக்கோடு சேர்ந்தே சங்கிலியில் பதிவாகியிருக்கும். ஈதர்ஸ் ஜேஎஸ் லைப்ரரியில் புரொவைடர் ஒன்றை உருவாக்கி, 'கெட் பேலன்ஸ்' ஃபங்ஷனுக்கு முகவரியைக் கொடுத்தால் வந்துவிடும். டோக்கன் அப்படி இல்லை. ஒவ்வொரு டோக்கனும் ஒரு தனி ஸ்மார்ட் கான்ட்ராக்ட். யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு அதற்குள்தான் இருக்கு. சீட்டு நடத்துபவரின் நோட்டில் நம் பேருக்கு நேரே தொகை எழுதியிருப்பது போலத்தான். நம் சட்டைப்பையில் ஒன்றும் இருக்காது.

எனவே அந்த நோட்டைத்தான் கேட்கணும். 2015-இல் முன்மொழியப்பட்ட ஈஆர்சி-20 தரத்தைப் பின்பற்றும் எல்லா டோக்கனிலும் 'பேலன்ஸ் ஆஃப்' என்ற ஃபங்ஷன் உண்டு. டோக்கனின் கான்ட்ராக்ட் முகவரி, அந்த ஃபங்ஷனின் ஏபிஐ வரி, புரொவைடர் இந்த மூன்றையும் கொடுத்து ஒரு 'கான்ட்ராக்ட்' ஆப்ஜெக்ட் உருவாக்கினால் போதும். வெறும் வாசிப்பு என்பதால் கேஸ் கட்டணம் கிடையாது.

வரும் விடையை அப்படியே காட்டிடாதீங்க. கான்ட்ராக்டுக்குள் தசமப் புள்ளி இல்லை, எல்லாமே முழு எண். 25 யூஎஸ்டிசி வைத்திருந்தால் 25000000 என்று வரும், ஏனென்றால் அதற்கு 6 தசம இடங்கள். டாய்க்கு 18, டபிள்யூபிடிசிக்கு 8. எல்லாவற்றுக்கும் 18 என்று வைத்து வகுத்தால் அந்த 25 டாலர் 0.000000000025 ஆகிவிடும்! 'டெசிமல்ஸ்' ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அந்த எண்ணை 'ஃபார்மட் யூனிட்ஸ்'-க்குக் கொடுப்பதே சரி.

இன்னொன்று. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் தாங்கும். ஒரு ஈதர் என்பதோ 1-க்குப் பின்னால் 18 பூஜ்யம். அதனால்தான் ஈதர்ஸ் 6-ஆம் பதிப்பு 'பிக் இன்ட்' ஆகத் திருப்பித் தருது. அதைச் சாதாரண எண்ணாக மாற்றிக் கூட்டல் கழித்தல் செய்தால் கடைசி இலக்கங்கள் பிசகும்.

"என்கிட்ட இருக்கற எல்லா டோக்கனையும் காட்டு" என்று ஒரே அழைப்பில் கேட்க முடியுமா? சங்கிலியில் அப்படி ஒரு பட்டியலே இல்லை. வாலட் ஆப்கள் தெரிந்த டோக்கன்களை ஒவ்வொன்றாகக் கேட்கும். இல்லையென்றால் 'டிரான்ஸ்ஃபர்' நிகழ்வுப் பதிவுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சேவையிடம் போகும். இதில் ஆபத்தும் இருக்கு. யூஎஸ்டிசி என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் கான்ட்ராக்ட் போடலாம், 'பேலன்ஸ் ஆஃப்' கேட்டால் கோடி என்றும் பதில் சொல்ல வைக்கலாம். பெயர் அடையாளம் இல்லை; கான்ட்ராக்ட் முகவரிதான் அடையாளம்.

கடைசியாக, மேலே சொன்ன எந்தப் படியிலும் பிரைவேட் கீ வரவில்லை, கவனிச்சீங்களா? இருப்பு பார்க்கப் பொது முகவரி மட்டும் போதும். இருப்பைக் காட்டுகிறேன் என்று சொல்லி 12 சொற்கள் கொண்ட மீட்புத் தொடரை ஒரு தளம் கேட்டால், அது பார்க்க வரவில்லை, எடுக்க வந்திருக்கிறது.