டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. பாறையைத் துளைத்தவர்களின் நெஞ்சுக்குள் போன சிலிக்கா தூசி மட்டும் வெளியேறவில்லை. நாலு படி ஏறினால் இளைக்கும் அந்த மனிதர்களைக் குறிவைத்துத்தான் 'நுரையீரலைச் சுத்தம் செய்யும்' ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் விற்கப்படுகின்றன.

சிலிக்கா தூசியால் நுரையீரலில் விழும் சிலிக்கோசிஸ் வடுவைக் கரைக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. "சத்து மாத்திரைதானே, என்ன கெட்டுவிடும்?" என்பார்கள். கெடும். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. அமெரிக்காவில் புகைபிடித்தவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் நடந்த ஆய்வில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே 28 சதவீதம். 1996இல் அதை 21 மாதம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். சிலிக்கா தூசியே புற்றுநோய் தரக்கூடியது; கூடவே பீடியும் பிடித்தவர் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. கேரட், கீரை தாராளமாகச் சாப்பிடலாம்.

சளி இளக டாக்டர் எழுதித் தரும் அசிடைல்சிஸ்டீன் வேறு விஷயம். அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் நாள்பட்ட மூச்சடைப்பு நோயாளிகள் 523 பேரிடம் மூன்று வருடம் கொடுத்துப் பார்த்தும் நுரையீரலின் தேய்மானத்தை அது தடுக்கவில்லை.

கடையில் விற்கும் சத்து மாத்திரை டப்பாவைத் திருப்பினால், பொடி எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் இருக்கும். முன்பக்கம் நோய் தீரும் என்றும் பின்பக்கம் இது மருந்தல்ல என்றும் சொல்லும் துணிச்சலை யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவுப்படி பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 14 இலக்க உரிம எண், பேட்ச் எண், விளம்பரம் மூன்றையும் படமெடுத்துக்கொண்டு 1800112100 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற, முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். நடக்கவில்லையென்றால் கோலார் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில் வேண்டும். பில் இல்லாமல் வாங்கிவிட்டு அப்புறம் புலம்புகிறவர்களே அதிகம். பில்!

மாத்திரைக்குச் செலவழிக்கும் முன் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் பிடிக்கும். அதற்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சுரங்கத்துக்குள் எந்த வேலை, எத்தனை வருடம் என்பதை ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருடம்தான் கெடு.