குளிர்ந்தால் கட்டியாகும் ரத்தப் புரதம்: டெஸ்ட்டில் நழுவும் அரிய நோய்!

காலில் ரத்தச் சிவப்பில் புள்ளிகள், மூட்டு வலி, உடல் அசதி. மூன்றும் சேர்ந்து வந்தால் வெறும் சூடு என்று களிம்பு தடவி விட்டுவிடாதீங்க. 'கிரையோகுளோபுலினீமியா' என்ற அரிய ரத்த நோயாகவும் இருக்கலாம்.

இந்த நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் சில புரதங்கள் குளிர்ந்ததும் கட்டியாகும். சூடு பட்டால் கரைந்துவிடும். இவை சின்ன ரத்தக் குழாய்களில் படிந்து அடைப்பும் வீக்கமும் உண்டாக்கும். குளிரில் விரல் நீலமாகும், கால் புண் ஆறாது, பாதம் மரத்துப் போகும். கவனிக்காமல் விட்டால் கிட்னியும் பாதிக்கப்படலாம்.

கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். எடுத்த ரத்தத்தை உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியில் வைத்தே லேப்புக்குக் கொண்டு போகணும். வழியில் ஆறிப்போனால் அந்தப் புரதம் உறைந்த ரத்தத்தோடு போய்விடும். நோய் இருந்தும் 'இல்லை' என்று ரிப்போர்ட் வந்துவிடும்!

ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளியும் நீரைப் பிரித்து, 4 டிகிரி குளிரில் 7 நாள் வரை வைப்பார்கள். அடியில் வெள்ளையாகப் படிந்து, சூடாக்கினால் கரைந்தால் நோய் உறுதி. அதனால் ரிசல்ட் அன்றே கிடைக்காது. 'இல்லை' என்று வந்தும் அறிகுறிகள் தொடர்ந்தால், ரத்தத்தைச் சூடு ஆறாமல் எடுத்துப் போனார்களா என்று டாக்டரிடம் கேளுங்க. மறுபடி டெஸ்ட் எடுப்பது நல்லது.

இந்த நோய்க்கு முக்கிய காரணம் ஹெபடைடிஸ் சி வைரஸ். அதற்கும் டெஸ்ட் எடுக்கணும். பெரும்பாலும் 12 வார மாத்திரையில் அந்த வைரசை ஒழித்துவிடலாம். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் டெஸ்ட்டும் மாத்திரையும் இலவசம்.