யந்திரங்களுக்கு இடையே உள்ள வெளி

கட்டிலை உள்ளே போட்ட பின்னர்தான் பீரோவின் கதவு முழுதும் திறவாது என்பது பல வீடுகளில் தெரிய வருகிறது. கட்டிலை நகர்த்திவிடலாம். கான்கிரீட் அடித்தளத்தில் முடுக்கிவிட்ட யந்திரத்தை அவ்வாறு நகர்த்த இயலாது. ஆகவே தொழிற்சாலையின் அமைப்பு வரைபடத்தைக் காகிதத்திலேயே சோதித்துவிடுகிறார்கள். பிலாயிலும் பரோடாவிலும் விசாகப்பட்டினத்திலும் ஆலைப் பணியில் இருக்கும் நம்மவர் எத்தனையோ பேரின் உயிர் இச்சோதனையை நம்பியிருக்கிறது.

முதலில் அளவையைக் கவனிப்போம். வரைபடத்தில் பெரும்பாலும் மையக்கோட்டிலிருந்து மையக்கோடு வரையிலான தூரமே குறிக்கப்பட்டிருக்கும். மனிதன் நடப்பதோ யந்திரத்தின் வெளிவிளிம்புக்கும் அடுத்ததன் வெளிவிளிம்புக்கும் இடையே. அந்த இடைவெளியிலும் வெப்பக்காப்பு உறையின் பருமன், ஏணி, வால்வின் கைப்பிடி ஆகியவை தத்தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியதுதான் வழி. காயமுற்ற ஒருவரைத் தூக்குப்படுக்கையில் கொண்டு செல்ல அது போதுமா என்று கேட்டுப் பார்ப்பது நல்ல சோதனை.

அடுத்து, வெறுமையாகத் தோன்றும் இடங்கள். வெப்பமாற்றி என்னும் சாதனத்தின் உள்ளே நூற்றுக்கணக்கான குழாய்கள் ஒரே கட்டாக இருக்கும். கசடு நீக்க வேண்டுமானால் அக்கட்டு முழுவதையும் வெளியே இழுக்க வேண்டும். குழாய் 6 மீட்டர் நீளமாயின், முன்புறம் 6 மீட்டருக்கும் மேலாக வெற்றிடம் வேண்டும். அதன் காரணத்தை அறியாத ஒருவர், இடம் வீணாகிறதே என்று அங்கே ஒரு பம்பை அமர்த்திவிடுவார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. அவ்விடத்தின் பயனை யாரும் எழுதி வைக்கவில்லை!

தீயைப் பொறுத்த தூரங்கள் இன்னும் கடுமையானவை. எண்ணெய் ஆவி கசியக்கூடிய இடத்திலிருந்து உலைகளை விலக்கி, காற்று பெரும்பாலும் எத்திசையிலிருந்து வீசுகிறதோ அத்திசையில் வைப்பது மரபு. ஆயினும் காற்றை மட்டும் நம்பலாகாது. 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூரின் சீதாபுரா எண்ணெய்க் கிடங்கில், காற்று அனேகமாக அசையாதிருந்த மாலையில், கசிந்த பெட்ரோலின் ஆவி ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பரவிப் பின்னர் தீப்பற்றியது.

மனிதர் எங்கே அமர்கிறார்கள் என்பதே எல்லாவற்றினும் முக்கியம் என்று நமக்குத் தோன்றுகிறது. 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ இரசாயன ஆலை வெடித்தபோது மாண்ட 28 பேரில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். யந்திரங்களை அருகிலிருந்து கவனிப்பது வசதி என்று கருதிய காலம் அது. இன்று அவ்வறையைத் தொலைவில் அமைக்கிறார்கள். இயலாவிடில் வெடிப்பைத் தாங்கும் சுவர்களுடன் கட்டுகிறார்கள்.

ஆலை விரிவாகும் ஒவ்வொரு முறையும் இச்சோதனையை மீண்டும் நடத்த வேண்டும். புதிய தொட்டி ஒன்று வந்தால், அதற்கும் பழைய கட்டடங்களுக்கும் இடையிலுள்ள தூரம் மட்டுமன்று, தீயணைப்பு வண்டி திரும்பும் வளைவும் அளக்கப்பட வேண்டும்.