உங்களுக்குத் தெரியுமா? அணியமும் அமரமும் இடம் மாறும் வள்ளம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி நீர்கொழும்புக் கடற்கரையில் இறங்கினால், பாய் விரித்த ‘ஒருவ’ வள்ளங்களை இன்றும் காணலாம். ஒரு வள்ளத்தின் இரு முனைகளும் ஒரே அமைப்பு. வள்ளத்தின் ஒரு பக்கத்தில் கட்டிய மிதவைக்கட்டை எப்போதும் காற்று வரும் பக்கமாகவே நிற்கவேண்டும். அதனால் திசை மாற்ற வள்ளத்தைத் திருப்புவதில்லை. பாயை மறுமுனைக்குக் கொண்டுபோவார்கள். முன்முனையான அணியம் பின்முனையான அமரமாகிவிடும்! காற்று வலுத்தால் ஆட்கள் மிதவைக்கட்டையை வள்ளத்தோடு இணைக்கும் குறுக்குக் கழியில் ஏறிப் பாரம் கொடுப்பார்கள். ‘ஓராள் காற்று’, ‘ஈராள் காற்று’ என்று காற்றின் வேகத்தைச் சொன்னதும் இதை வைத்துத்தான். பழைய வள்ளங்களில் ஆணி கிடையாது, எல்லாம் கயிற்றுக்கட்டு. அலை மோதும்போது கட்டு கொஞ்சம் நெகிழ்ந்துகொடுக்கும், மரம் முறியாது. நல்ல பொறியியல்தான். இப்போது பல ஒருவக்களுக்குக் கண்ணாடியிழை உடலும் வெளி எஞ்சினும் வந்துவிட்டன. ஆனாலும் அவற்றில் மிதவைக்கட்டை இன்னும் இருக்கிறது.