இத்தாலியில் வாடகை மோட்டார்

நேப்பிள்ஸ் நகரத்து நூதனசாலையில் பழைய வெண்கலப் பட்டயம் ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகின்றது. தென்னித்தாலியில் ஹெராக்கிலியா என்னும் பண்டை நகர் இருந்த இடத்திற் கண்டெடுக்கப்பட்டது அது. யூலியஸ் சீசர் காலத்தது எனப் பொதுவாகக் கொள்ளப்படும் சட்டமொன்று அதிலே பொறிக்கப்பட்டுள்ளது. சூரியன் உதிக்கும் வேளை தொட்டு, மாலை நெருங்கும் வரை, ரோமாபுரியின் வீதிகளிற் பாரவண்டிகள் செல்லலாகாது என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. கோயிற் கட்டடங்களுக்கு வேண்டிய பொருள்களை ஏற்றிவரும் வண்டிகள் போன்ற சிலவற்றுக்கே விலக்கு அளிக்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்துவிட்டன. மாட்டு வண்டியின் இடத்தை மோட்டார் வண்டி பிடித்துக்கொண்டது. ஆயினும், இன்று ரோமாபுரியிலோ மிலானிலோ விமான நிலையத்தில் இறங்கி, ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு புறப்படும் உல்லாசப் பிரயாணிக்குப் பெருந்தொல்லை விளைப்பது, அதே நோக்கங்கொண்ட ஒரு விதியேயாகும்.

வீதி அமைப்பதில் இத்தாலியருக்கு நிகரானவர் சிலரே. கி.மு. 312ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அப்பியன் பெருவழியின் கற்றளம் இன்றும் ரோமாபுரியின் புறத்தே காணக் கிடக்கின்றது. மோட்டார் வண்டிக்கென்றே தனியாக அமைத்துக் கட்டணம் அறவிடும் நெடுவீதியையும் இத்தாலியரே முன்னோடிகளாக அமைத்தனர். பியரோ பூரிச்செல்லி என்னும் பொறியியலாளரின் திட்டப்படி, மிலானிலிருந்து வரேசே நோக்கிச் செல்லும் வீதி 1924ஆம் ஆண்டு செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர், மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கும் 'சூரிய நெடுவீதி' 1956இல் தொடங்கப்பெற்று 1964இல் நிறைவெய்தியது. ஏறக்குறைய 760 கிலோமீற்றர் நீளமுடைய அவ்வீதி, அப்பெனைன் மலைத்தொடரைச் சுரங்கங்களாலும் பாலங்களாலும் ஊடறுத்துச் செல்கின்றது. அதே காலத்தில், 1957இல், பியற் நிறுவனத்தார் 500 என்னும் சின்னஞ்சிறு காரை வெளியிட்டனர். அதுவரை மிதிவண்டியிலும் ஸ்கூட்டரிலும் சென்றோர் பலர் குடும்பத்தோடு காரில் ஏறினர்.

ஏறியவர்கள் எங்கே சென்றனர்? கோட்டை மதில்களுக்குட் கழுதையும் மனிதரும் நடப்பதற்கென அமைந்த பழைய நகரங்களின் நெஞ்சுக்கே சென்றனர். சலவைக்கல் நீரூற்றுகளைச் சுற்றிக் கார்கள் நின்றன. நேப்பிள்ஸ் அரண்மனைக்கு எதிரேயுள்ள பெரிய சதுக்கம் 1994 வரை கார்த் தரிப்பிடமாகவே கிடந்தது. இந்நிலைக்கு முதலில் மாற்றுத் தேடிய நகரங்களுள் சியேனா குறிப்பிடத்தக்கது. ஓடு போன்று குழிந்த தனது புகழ்பெற்ற சதுக்கத்தை அது 1960களின் நடுப்பகுதியிலேயே கார்களுக்கு மூடிவிட்டது. பின்னர் ஏனைய நகரங்களும் அவ்வழியிற் சென்றன. இன்று புளோரன்ஸ், பீசா, ரோமாபுரி, பொலோஞா, வெரோனா முதலாய நகரங்களிலும், பெயரறியாத பல சிற்றூர்களிலும் 'போக்குவரத்து மட்டுப்படுத்தப்பட்ட வலயம்' உண்டு. அங்கு வசிப்போர், பொருள் விநியோகிப்போர், உத்தரவு பெற்றோர் ஆகியோரின் வாகனங்கள் மட்டுமே குறித்த நேரங்களில் உட்புகலாம்.

இவ்வலயத்தின் எல்லையில் மதிலோ தடைமரமோ பெரும்பாலும் இராது, காவலரும் நிற்கமாட்டார். வெண்ணிற வட்டம், அதைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு, கீழே இத்தாலிய மொழியில் நேர விபரம் - இவ்வளவே அடையாளம். பல இடங்களில் மின்னெழுத்துப் பலகையொன்றும் உண்டு. பிரயாணியை மயக்குவது அந்தப் பலகையே. 'வார்க்கோ அத்தீவோ' என்று அதில் ஒளிரும். வாயில் இயங்குகின்றது என்பது அதன் நேர்ப்பொருள். இயங்கும் வாயில் திறந்த வாயிலாகவே இருத்தல் வேண்டும் என்று கருதி அந்நியர் உள்ளே நுழைகின்றனர். இயங்குவது கண்காணிப்புக் கமராவே என்பதையும், அவ்வேளையில் நுழைதல் தடுக்கப்பட்டுள்ளது என்பதையும் அவர்கள் அறியார். 'வார்க்கோ நொன் அத்தீவோ' என்றிருந்தாற்றான் செல்லலாம். வழிகாட்டும் கருவியை நம்புவோரும் தப்புவதில்லை. சில கருவிகள் குறுகிய வழியைக் காட்டுமேயன்றி, அவ்வழியிற் செல்ல உரிமையுண்டா என ஆராய்வதில்லை.

கமரா இலக்கத்தகட்டைப் படம் பிடிக்கின்றது. நகரப் பொலிசார் வாடகை நிறுவனத்திடம் சாரதியின் பெயரையும் விலாசத்தையும் கேட்கின்றனர். அவ்விபரத்தை அளித்தமைக்காக நிறுவனம் பிரயாணியின் கடனட்டையில் ஒரு தொகையை அறவிட்டுக்கொள்கின்றது. தண்டம் செலுத்தப்பட்டுவிட்டது என்று பலர் நிம்மதியடைவது இவ்விடத்திலேதான். அது நிறுவனத்தின் சேவைக்கட்டணம் மாத்திரமே. தண்டம் தனியாகப் பின்னர் வரும். வெளிநாட்டில் வசிப்போருக்கு அறிவித்தல் அனுப்புவதற்குச் சட்டம் 360 நாள் அவகாசம் அளிக்கின்றது. ஆகவே விடுமுறைப் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த பின்னரும் கடிதம் வந்து சேரக்கூடும். தண்டம் எண்பது யூரோவுக்கு மேற்பட்டது. அதனோடு தபாற் செலவும் சேரும். அறிவித்தல் கிடைத்த ஐந்து நாளுக்குட் செலுத்துவோருக்கு நூற்றுக்கு 30 வீதம் கழிவுண்டு. அறுபது நாள் கடந்தால் தொகை பெருகும். இதனினும் கொடியது யாதெனில், வெவ்வேறு நாட்களில் நிகழும் நுழைவுகள் தனித்தனிக் குற்றங்களாகக் கணிக்கப்படலாம் என்பதே. தங்குமனைக்கு மூன்று நாட்கள் காரிற் சென்றுவந்தவருக்கு மூன்று கடிதங்கள் வந்தால் அதில் வியப்பில்லை.

உல்லாசப் பிரயாணிகளின் பணப்பைக்கு விரித்த வலை இது என்று குறைகூறுவோர் பலர். அறிவித்தற் பலகைகளைப் பிறநாட்டாருக்கும் விளங்கும்படி அமைக்கலாம் என்பதை மறுக்கவியலாது. ஆனால் புளோரன்ஸில் ஒரு தெருவின் அகலம் இரண்டு கைகளை விரித்த அளவே இருக்கும்போது, அத்தெருவில் மூச்சுவிட விரும்பும் கிழவியின் கட்சியிலும் நியாயமுண்டு. அவ்வழகிய தெருக்களைக் காண்பதற்காகவே பிரயாணி கடல் கடந்து வருகின்றார். அவற்றிற் கார்கள் நிறைந்திருந்தால் அவர் காண வந்தது அங்கே இராது.

தப்பும் வழி எளிது. நகரத்துக்கு வெளியே காரை விட்டுவிடுவதே அது. புளோரன்ஸுக்கு அண்மையில், சூரிய நெடுவீதியிலிருந்து நேரே உட்செல்லக்கூடிய வில்லா கொஸ்தான்சா என்னும் தரிப்பிடம் உளது. அங்கிருந்து ட்ராம் வண்டி நகர நடுவிலுள்ள புகையிரத நிலையத்துக்குக் கொண்டு சேர்க்கும். வெனிஸில் இவ்வினாவே எழாது. 1933இல் திறக்கப்பட்ட நீண்ட பாலத்தைக் கடந்ததும் ரோமாச் சதுக்கத்தில் வீதி முடிந்துவிடும். அப்பால் தோணியும் நடையுமே. வலயத்துக்குள் தங்குமனை ஏற்பாடு செய்தவர்கள், காரின் இலக்கத்தை மனைக்காரரிடம் முன்கூட்டியே கொடுத்து நகரசபையிற் பதிவுசெய்யுமாறு கேட்டல் வேண்டும். இதனைப் பல விடுதிகள் செய்து கொடுக்கின்றன, கேளாதவருக்குச் செய்வதில்லை. மிலானின் நடுப்பகுதியில் முறை சற்று வேறு. அங்கே 2012 முதல், வார நாட்களில் உட்செல்வதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும்.

இனி, காரை எடுக்கும் இடத்துக்கு வருவோம். இலங்கையிலிருந்து செல்பவர் தமது சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் தாய்நாட்டிலேயே பெற்றுச் செல்லல் அவசியம். வாடகை நிறுவனத்தார் அதைக் கேளாது விடினும் வீதியிற் பொலிசார் கேட்பர். சாரதியின் பெயரிலேயே கடனட்டை இருத்தல் வேண்டும். பிணைப்பணமாக ஒரு தொகை அதில் நிறுத்திவைக்கப்படும். காப்புறுதி வாடகையில் அடங்கியிருப்பினும், சேதம் நேரின் முதற் பகுதியைச் சாரதியே பொறுப்பேற்க வேண்டும். அப்பகுதி ஆயிரம் யூரோவைத் தாண்டுவதும் உண்டு. ரயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி என்பன பல ஒப்பந்தங்களிற் சேரா. எனவே கையொப்பமிடுமுன் காரைச் சுற்றிவந்து ஒவ்வொரு கீறலையும் படம்பிடித்து வைத்துக்கொள்வது நன்று. பின்னால் வரிசையில் நிற்போர் முகஞ்சுளித்தாற் சுளிக்கட்டும்.

இத்தாலியில் வலப்புறமாகச் செல்லல் வேண்டும். இடப்புறம் செல்லும் பழக்கத்தைக் கண்டு அந்நாட்டார் நகைப்பதற்கில்லை. 1920களின் நடுப்பகுதி வரை ரோமாபுரியிலும் மிலானிலும் நகருக்குள் இடப்புறமும், நகருக்கு வெளியே வலப்புறமுமாக அவர்களே சென்றனர். இன்று இலங்கைச் சாரதி சுக்கானை இடப்புறத்தே காண்பார். கியரை வலக்கையால் மாற்றுவார். திரும்புவதற்கு விளக்கைப் போட எண்ணி, வெயிலில் கண்ணாடி துடைப்பானை ஆட்டிவிடுவதும் முதல் நாளில் நேர்வதே. அபாயம் நிகழ்வது பெரிய சந்திகளில் அன்று. அங்கே பிற வண்டிகளைப் பின்பற்றினாற் போதும். வெறிச்சோடிய கிராமத்து ஒழுங்கையில், பெற்றோல் அடித்துவிட்டு வெளியேறும் வேளையில், கை பழைய பக்கத்தையே நாடும். அறிவிப்புப் பலகை எதுவும் இல்லாத சந்தியில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்பதும் நினைவிலிருத்தற்குரியது.

நெடுவீதிக்கு வழிகாட்டும் பலகைகள் பச்சை நிறமானவை. ஏனைய பிரதான வீதிகளுக்கு உரியவை நீலம். பச்சையைப் பின்பற்றினாற் கட்டணம் உண்டு என்று கொள்ளலாம், சில பகுதிகள் இலவசமாக உள்ளனவெனினும். நுழைவாயிலில் துண்டொன்றை எடுத்து, வெளியேறும்போது கொடுத்துப் பணம் செலுத்த வேண்டும். துண்டைத் தொலைத்தவரிடம் மிகத் தொலைவான வாயிலிலிருந்து வந்தவராகக் கணித்து அறவிடுவர். மஞ்சள் நிறத்தில் 'டெலிபாஸ்' என்றெழுதிய வழி, அக்கருவி பொருத்திய வண்டிகளுக்கே உரியது. தவறி அதிலே புகுந்துவிட்டவர் பின்னோக்கிச் செலுத்தலாகாது. அது பெருங்குற்றம், பேராபத்தும் கூட. வேகவெல்லை மணிக்கு 130 கிலோமீற்றர், மழையில் 110. இரண்டு இடங்களுக்கிடையே சென்ற சராசரி வேகத்தைக் கணிக்கும் முறை 2005 முதல் நடைமுறையில் உள்ளதாகையால், கமராவைக் கண்டதும் வேகத்தைக் குறைத்துப் பின்னர் கூட்டுவதால் இலாபமில்லை. எரிபொருளில் ஒரு சொல் மயக்கம்: 'பென்சீனா' என்பது பெற்றோல், 'கசோலியோ' என்பது டீசல். ஆங்கிலச் சொல்லை எண்ணிப் பின்னதைப் பெற்றோலென்று கருதி நிரப்பியவர்களின் பயணம் அவ்விடத்திலேயே நின்றுபோனதுண்டு.

இத்தனை இடர்ப்பாடுகளுக்கும் ஈடாகக் கார் தருவது யாது என்று கேட்கலாம். ரோமாபுரி, புளோரன்ஸ், வெனிஸ் என்னும் மூன்றையும் மட்டும் காண விரும்புவோருக்கு அது ஒன்றையும் தராது. ரோமாபுரியிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் புகையிரதம் புளோரன்ஸை அடைந்துவிடும். கார் பயன்படுவது புகையிரதம் செல்லாத இடங்களில். புளோரன்ஸிலிருந்து கிரேவே, கஸ்தெல்லீனா வழியாகச் சியேனாவுக்குச் செல்லும் 'கியாந்திஜானா' வீதி திராட்சைத் தோட்டங்களின் முகட்டிலே வளைந்து வளைந்து செல்கின்றது. பக்கத்து நெடுவீதியில் ஒரு மணி நேரத்தில் முடியும் பயணத்துக்கு அங்கே அரைநாள் போதாது. சிசிலித் தீவின் உட்பகுதியும் புலியா மாகாணத்துக் கூம்புக்கூரை வீடுகளும் அத்தகையனவே. அமல்பிக் கடற்கரை வீதியை மட்டும் கோடைகாலத்தில் தவிர்த்தல் நன்று. நெரிசல் காரணமாக 2022இல் அங்கே ஒற்றையெண், இரட்டையெண் இலக்கத்தகடுகளை நாள் மாறி நாள் அனுமதிக்கும் விதி புகுத்தப்பட்டது.

ஆகவே நகரங்களைப் புகையிரதத்தாற் கண்டுவிட்டு, புறப்படும் நாளில், நகர நடுவிலன்றி விமான நிலையத்திற் காரை எடுப்பதே தக்க ஏற்பாடு. தஸ்கனியில் சான் ஜிமிஞானோ என்னும் ஊரின் கோபுரங்கள் நெடுந்தூரத்திலிருந்தே தெரியும். மலைச்சரிவிலேறி மதிலை அணுகியதும், கட்டணத் தரிப்பிடத்தைக் குறிக்கும் நீலக்கோடுகள் வீதியோரத்திற் காணப்படும். அங்கே காரை நிறுத்தி, துண்டை முன்கண்ணாடியில் வைத்துவிட்டு, தெற்கு வாயிலாற் கால்நடையாக உள்ளே நுழையலாம்.